உப்புக்காத்து அம்மா

புரட்டாசி முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. ஒரு மாதமாகக் கவிச்சி தொடாமல் இருந்த திண்டிவனத்து ஜனங்கள் மீன் மார்க்கெட்டில் முட்டி மோதிக்கொண்டு நிற்க வேண்டிய நாள். அப்படிப்பட்ட நாளில் ராஜாமணி வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிட்டாள். அதுவும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு.

காலிக் கூடையை யாரும் தலையில் சுமப்பதில்லை. இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வெற்றிலையை மென்றபடி, வழியில் இரண்டு பேரிடம் வம்பு பேசிவிட்டு வருவார்கள். ராஜாமணி நேராக வந்தாள். யாரிடமும் பேசவில்லை. வாசலில் அலுமினியக் கூடையைத் தொப்பென்று இறக்கியபோது ஐஸ் கரைந்த தண்ணீர் தளும்பி அவள் புடவையை நனைத்தது.

மருமகள் சூர்யகலா அப்போது வீட்டின் பின்பக்கம் மண்பானையில் போட்டு வைத்திருந்த காய்கறித் தோலைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் குச்சி, இன்னொரு கையில் போன். முந்தாநாள் போட்ட வீடியோவைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை கண்ணுக்கு எதிரிலேயே ஏறிக்கொண்டு இருந்தது. இதுவரை அவள் போட்ட எந்த வீடியோவையும் இவ்வளவு பேர் பார்த்ததில்லை. காலையிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இன்னா அத்தே, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

ராஜாமணி உள்ளே போனாள். சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, "உன் போனை எடு" என்றாள்.

"எதுக்கு அத்தே?"

"எடுன்றேன்ல. நீ அதுல தெரியறியாமே. திண்டிவனமே பாத்துக்கினு இருக்குது. நான் ஒருத்திதான் முழுசாப் பாக்கலை. காட்டு."

சூர்யகலா காட்டினாள். கொஞ்சம் பெருமையோடுதான் காட்டினாள். ராஜாமணி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, போனைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். வீடியோவில் சூர்யகலா கானாங்கெளுத்தி மீனின் வயிற்றைக் கீறுகிறாள். குடலோடு நீலக் கலரில் ஏதோ வருகிறது. தண்ணீரில் அலசி விரித்துப் பார்க்கிறாள். பக்கத்திலிருந்து அவள் மகள் கலைப்பிரியாவின் குரல், "அம்மா, பிஸ்கட்டு கவரும்மா" என்கிறது.

முழுவதையும் பார்த்து முடித்த பிறகு ராஜாமணி நிமிர்ந்தாள்.

"இது நம்ம வூட்டு அருவாமனை."

"ஆமா அத்தே."

"இது நான் உனுக்குக் குழம்புக்குன்னு குடுத்த மீனு."

சூர்யகலா போனை இறக்கினாள்.

"ஒருத்தன் வந்தான். பேண்ட் சட்டை போட்டவன். கூடையில கைய வெக்கலை. போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, 'இதுதானே உங்க மீனு, இதைத்தான் எங்க புள்ளைங்களுக்குக் குடுக்கறியா'ன்றான். போன்ல பாத்தா என் பேத்தி குரலு. நான் இன்னான்னு சொல்லுவேன்? என் பேத்திதான்யா அதுன்னு சொல்லட்டுமா?"

சூர்யகலாவுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. அவளுடைய வீடியோவை எவனோ வெட்டியெடுத்து, 'மரக்காணம் மீனா? உஷார்!' என்று சிவப்பு எழுத்தில் மேலே போட்டு, வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருந்தான். அவள் பேசிய பேச்சு அதில் இல்லை. குப்பையைக் கடலில் விடாதீர்கள் என்று கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டதும் இல்லை. மீனும் குடலும் நீலக் கவரும் குழந்தையின் குரலும்தான் இருந்தன.

சூர்யகலா பொம்மையார்பாளையத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் கடற்கரையோரம் வெள்ளைக்காரர்கள் நடத்திய ஒரு விருந்தினர் விடுதியின் சமையலறையில் வேலை பார்த்தாள். அந்த விடுதியில் குப்பையை மூன்று தொட்டிகளில் பிரித்துப் போடுவார்கள். காய்கறித் தோல் மண்ணாகும். பாத்திரம் துலக்கப் பூந்திக்கொட்டை. முதலில் அவளுக்கு இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் வேலையற்ற வேலையாகத் தெரிந்தது. போகப் போக, தன் வீட்டு வாசலில் கிடக்கும் பால் கவர் கண்ணில் குத்த ஆரம்பித்தது. மரக்காணத்துக்கு வடக்கே இருக்கிற இந்தப் புதுமேட்டுக்குப்பத்துக்கு ஆனந்தராஜைக் கட்டிக்கொண்டு வந்தபோது, சீர் சாமான்களோடு அந்தக் குத்தலையும் கொண்டு வந்துவிட்டாள்.

கலைப்பிரியா பிறந்தபோது கடையில் வாங்கிய நாப்கின் கட்டிக் குழந்தைக்குத் தொடையெல்லாம் புண்ணாகிப் போனது. பழைய வேட்டியைக் கிழித்துத் துணி தைத்துக் கட்டினாள். புண் ஆறியது. அதை எப்படித் தைப்பது என்று போனில் எடுத்துப் போட்டதுதான் முதல் வீடியோ. சேனலுக்கு 'உப்புக்காத்து அம்மா' என்று பேர் வைத்தாள். பிறகு பல்பொடி, மாதவிலக்குத் துணி, பழைய புடவையில் கடைப்பை, பனையோலைப் பெட்டியில் கருவாடு என்று ஒவ்வொன்றாகப் போட்டாள். கோயம்புத்தூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பெண்கள் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். குப்பத்தில்தான் யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்த்த ஒன்றிரண்டு பேரும், "இன்னா சூர்யா, இன்னிக்கு எந்தக் குப்பையைக் கிளறின?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அவளும் குப்பத்தை விட்டுவிட்டு போனோடு பேசிக்கொண்டிருந்தாள். போன் திருப்பிச் சிரிக்காது.

புது வருஷம் பிறந்தால் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்று அரசாங்கம் அறிவித்திருந்த வருஷம் அது. தான் சொல்லிக்கொண்டிருந்ததை நாடே சொல்லத் தொடங்கிவிட்டது என்று சூர்யகலா நம்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்தக் கூடை திரும்பி வந்தது.

ராஜாமணியின் கூடை மட்டும் இல்லை. மத்தியானத்துக்குள் குப்பத்துக் கூடைகள் எல்லாம் திரும்பிவிட்டன. ஏற்கெனவே ஆடியில் மீனில் ஏதோ மருந்து கலக்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி வியாபாரம் படுத்திருந்தது. பிறகு புரட்டாசி. இப்போது இது. பெண்கள் சும்மா வீட்டுக்குப் போகவில்லை. ராஜாமணி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்றவள் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணி. ராஜாமணியோடு மார்க்கெட்டில் தோளோடு தோள் உட்காருகிறவள்.

"எங்க உன் மருமவ? வெளிய வரச் சொல்லு. எங்க மூஞ்சையும் வீடியோ எடுக்கட்டும்."

"வேணியக்கா..." என்று சூர்யகலா ஆரம்பித்தாள்.

"அக்கான்னு சொல்லாத. போன்ல ஆயிரம் அக்காங்க இருக்கறாங்களே உனுக்கு, அவுங்களைப் போய்க் கூப்புடு. நான் இன்னா, மீன்காரி. கவர் மீனு விக்கிறவ."

ராஜாமணி அதுவரை மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தவள், கிருஷ்ணவேணி குரல் ஏறியதும், "வுடு வேணி. என் வூட்டுப் பொண்ணு. நான் பாத்துக்கறேன்" என்றாள். அது மருமகள் மேல் இருந்த பாசம் இல்லை. வீட்டுக்குள் நடக்க வேண்டியது தெருவில் நடக்கக் கூடாது என்கிற ரோஷம். ஆனாலும் சூர்யகலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் கங்கையம்மன் கோயில் எதிரில் ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பூவரச மரத்தடியில் நின்றார்கள். பெரியவர் தாண்டவராயன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று சூர்யகலாவுக்குத் தோன்றியது.

"ஆனந்தராஜி, உன் பொண்டாட்டி கெட்டதைச் சொல்லிட்டான்னு நான் சொல்லலை. வலையில கவரு வர்றது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஆனா யார்கிட்டச் சொல்லுது அந்தப் பொண்ணு? ஊரு ஒலகத்துக்கெல்லாம் சொல்லுது. இங்க வந்து நம்மகிட்ட ஒருநாள் சொல்லிச்சா? நாம எல்லாம் மனுசங்களாத் தெரியலையா?"

ஆனந்தராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதை அழிக்கச் சொல்லு. அடுத்த ஞாயித்துக்கெழம யாவாரம் எப்படின்னு பாப்போம். அதுவரைக்கும் உன் போட்டு கரையிலயே கெடக்கட்டும், கடல்ல எறக்காத."

சூர்யகலா அங்கேயே, மரத்தடியிலேயே நின்று வீடியோவை அழித்தாள். அழித்ததை ஆனந்தராஜிடம் காட்டினாள். அவன் தாண்டவராயனிடம் காட்டினான். எல்லோரும் எழுந்து போனார்கள்.

அதனால் ஒன்றும் ஆகவில்லை. அவளுடையது அழிந்ததே தவிர, வெட்டியெடுத்தது ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் மோசம், 'ஏன் அழிச்சீங்க? எவ்ளோ வாங்கினீங்க?' என்று சேனலில் கேட்டு எழுத ஆரம்பித்தார்கள். அவளை அக்கா என்று கூப்பிட்டவர்களே எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. போனைத் தூக்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். கொஞ்ச நேரத்தில் அதே கையால் திறந்து எடுத்தாள்.

அந்த வாரம் குப்பத்தில் எங்கே பார்த்தாலும் கருவாட்டு வேலைதான். விற்காத மீனைக் கெடவிட முடியாது. குடலை எடுத்து, கீறி, கல்லுப்பு அடைத்து, மணலில் வலையை விரித்துக் காயப்போட்டார்கள். ஐப்பசி வானத்தை நம்பிக் கருவாடு போட முடியுமா? வாடைக்காற்று திரும்பியிருந்தது. கிழக்கே கறுத்துக்கொண்டு வரும், இரண்டு தூறல் போடும், கலையும், மறுபடி கறுக்கும். ஒவ்வொரு தடவையும் பெண்கள் ஓடி ஓடித் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். திறந்தார்கள். மறுபடி மூடினார்கள்.

ஒரு தடவை காற்று வேகமாக அடித்து, கிருஷ்ணவேணியின் தார்ப்பாய் பறக்க இருந்தது. சூர்யகலா ஓடிப் போய் ஒரு மூலையைப் பிடித்தாள்.

"வுடு, வுடு" என்றாள் கிருஷ்ணவேணி. "பிளாஸ்டிக் தார்ப்பாயி. உன் கையில பட்டுடப் போவுது."

சூர்யகலா விடவில்லை. மூலையில் கல்லை வைத்துவிட்டுத்தான் திரும்பினாள். ஆனால் அந்தப் பேச்சு அன்று முழுக்க அவளைத் தின்றது.

கலைப்பிரியா மூன்றாம் வகுப்பு. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் அவளை 'பிஸ்கட்டு கவரு' என்று கூப்பிடுகிறார்களாம்.

"நான் சொன்னது தப்பாம்மா?" என்று கேட்டாள்.

"தப்பு இல்லைடா."

"அப்போ நீ ஏன் அழிச்ச?"

சூர்யகலா சீப்பை எடுத்தாள். தலையை வாரிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போய் விட்டுவிட்டு வந்தாள். திரும்பும் வழியில் தெரிந்த முகங்கள் எதிரே வந்தபோது இவளாகவே சவுக்குத் தோப்புப் பக்கம் ஒதுங்கி நடந்தாள்.

ஆனந்தராஜ் படகு நிழலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தான். கிழியாத வலை. எடுப்பான், விரிப்பான், வலையின் ஒரு கண்ணைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவான். அவன் கூட்டாளிகள் வேறு படகில் ஏறிப் போயிருந்தார்கள். கடலுக்குப் போகாத நாளில் அவனுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியாது. சூர்யகலா கேப்பைக் கூழும் மோர்மிளகாயும் கொண்டுபோய் வைத்தாள்.

"இன்னாங்க, நான் பொய்யா சொன்னேன்?"

"பொய்யின்னு யாரு சொன்னது?"

"அப்புறம் ஏன் மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கினு இருக்கறீங்க?"

அவன் கூழைக் கலக்கினான். குடிக்கவில்லை. "போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா போடாதன்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா."

"அதான் கேக்கலை."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். சிரிப்பா கோபமா என்று சொல்ல முடியாத முகம். "எங்கம்மா பதினஞ்சு வயசுல கூடை தூக்கினது. எங்கப்பா செத்தப்போகூட, காரியம் முடிஞ்ச மறுநாளு கூடை தூக்கிச்சு. கூடை நெறைஞ்சு திரும்பி வந்து நான் பாத்ததே இல்லை. அதான் எனக்குத் தாங்கலை. நீ சொன்னது நெசமா பொய்யான்றது எல்லாம் அதுக்கு அப்புறம்."

அவள் மணலில் உட்கார்ந்தாள். அலை வந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு அலையும் ஏதாவது ஒரு தாளை, ஒரு மூடியை ஒதுக்கிவிட்டு, அடுத்த அலை அதை எடுத்துக்கொண்டு போனது. இத்தனை வருஷம் தெரியாதவர்களுக்கெல்லாம் பேசினோம், கூடவே மீன் கழுவிய அத்தையிடம் ஒரு நாளும் இந்தக் கவரைக் காட்டிப் பேசவில்லையே என்று நினைத்தாள். தாண்டவராயன் சொன்னதில் அது ஒன்றுதான் அவளுக்கு உள்ளே இறங்கியிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ராஜாமணியிடம் போய், "அத்தே, நாளைக்கு நானும் மார்க்கெட்டுக்கு வர்றேன்" என்றாள்.

ராஜாமணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு? மிச்சம் மீதி இருக்கற யாவாரத்தையும் முடிச்சு வெக்கறதுக்கா?"

"அருவாமனை எடுத்துக்கினு வர்றேன். கேக்கறவங்களுக்கு வயித்தைக் கீறிக் காட்டறேன். சுத்தமா இருந்தா வாங்கிக்கினு போகட்டும்."

"இருந்துட்டா?"

"இருந்தா இருக்குதுன்னு சொல்லிடலாம்."

முறம் நின்றது. "பைத்தியமாடி உனுக்கு?" என்றாள். ஆனால் விடியற்காலையில் வண்டி வந்து நின்றபோது, கூடைக்குப் பக்கத்தில் அருவாமனையைச் சாக்கில் சுற்றி ராஜாமணியே எடுத்து வைத்திருந்தாள்.

குட்டியானை வண்டியில் பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சூர்யகலாவைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கிருஷ்ணவேணி முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலை மட்டும் கொஞ்சம் மடக்கி இடம் விட்டாள். உப்பளங்கள் இருட்டில் கண்ணாடி மாதிரி பளபளத்தன.

மார்க்கெட்டில் மீன் அறுத்துக் கொடுக்கிற ஆட்கள் தனியாக உண்டு. ராஜாமணி முதலில் அவர்களிடம் போய், "எம் மருமவ வயித்தை மட்டுந்தான் கீறுவா. ஆய்ஞ்சு துண்டு போடறது உங்க வேலைதான். சண்டைக்கு வராதீங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். சூர்யகலா அவள் பக்கத்தில் அருவாமனையைப் போட்டுக்கொண்டாள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். மடி வெறுமையாக இருப்பது போல ஒரு பதைப்பு. அடிக்கொரு தரம் கை இடுப்புக்குப் போய்ப் போய் வந்தது.

வெளிச்சம் வந்தது. ஜனங்கள் வந்தார்கள். ஆட்டுக்கறிக் கடைப் பக்கம் வரிசை நின்றது. மீன் பக்கம் வந்தவர்கள் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். ராஜாமணி கூவினாள். "வாம்மா, கானாங்கெளுத்தி. கீறிக் காட்டறோம். பாத்துட்டு வாங்கு." கீறிக் காட்டுகிறோம் என்றதுமே சிலர் மேலும் வேகமாக நடந்தார்கள்.

பிறகு ஒரு பெண் நின்றாள். கையில் ஹெல்மெட், தோளில் துணிப்பை. சூர்யகலாவை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க உப்புக்காத்து அம்மாதானே?"

சூர்யகலா அருவாமனையிலிருந்து நிமிர்ந்தாள். "ஆமாங்க."

"உங்க வீடியோ பாத்துத்தான் நான் பாக்கெட் ஷாம்பு வாங்கறதையே நிறுத்தினேன். இந்தப் பைகூட நீங்க சொன்ன மாதிரி தெச்சதுதான்." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். பார்வை ராஜாமணியின் மேலும் கிருஷ்ணவேணியின் மேலும் போனது. "ஏன் அந்த வீடியோவை எடுத்துட்டீங்க? யாராவது மிரட்டினாங்களா?"

"யாரும் மிரட்டலைங்க. இவுங்க எங்க மாமியா. போன ஞாயித்துக்கெழம இவுங்க கூடை அப்படியே திரும்பி வந்துடுச்சு. நான்தான் காரணம். அதான் எடுத்துட்டேன்."

அந்தப் பெண் திகைத்துப் போனாள். "அப்போ மீன்ல பிளாஸ்டிக் இருக்கா, இல்லையா? எனக்கு அதைச் சொல்லுங்க. வீட்ல சின்னப் புள்ளை இருக்கு."

"எனக்கும் புள்ளை இருக்குதுங்க. சிலதுல இருக்குது. எதுலன்னு எனக்குத் தெரியாது. அறுத்தாத்தான் தெரியும். குடலுக்குள்ளதான் இருக்கும். நாம குடலைத் திங்கறது இல்லை. இவ்ளோதான் எனக்குத் தெரியும். இதுக்கு மேல தெரிஞ்ச மாதிரி பேச மாட்டேன்."

சுற்றிலும் நாலு பேர் கூடிவிட்டார்கள். சூர்யகலா ஒரு கானாங்கெளுத்தியை எடுத்துக் கீறினாள். குடலை விரலால் நீவிக் காட்டினாள். ஒன்றும் இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. மூன்றாவதை நீவியபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. பச்சையாக, நூல் மாதிரி. அவளுக்குக் கை நின்றுவிட்டது. எதிரில் நிற்பவர்களுக்கு அது தெரியவில்லை. ராஜாமணிக்குத் தெரிந்துவிட்டது. மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சூர்யகலா வாயைத் திறப்பதற்குள் ராஜாமணி குனிந்து அந்த நூலைப் பிடித்து இழுத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இதா பாரும்மா. இது கவரு இல்லை. வலை நரம்பு. எங்க வலைதான்."

"யக்கா, கம்முனு இருக்க மாட்டியா?" என்று கிருஷ்ணவேணி பல்லைக் கடித்தாள்.

"இருடி. நான் இங்க இத்தினி வருசமா குந்திக்கினு இருக்கறேன். கெட்டுப்போன மீனை நல்ல மீனுன்னு சொல்லி ஒருத்தருக்குக் குடுத்திருப்பனா? இன்னிக்கு எதுக்கு மறைக்கணும்?"

ஹெல்மெட்காரப் பெண் அந்த நூலையே பார்த்தாள். "வலையை ஏன் கடல்ல போடறீங்க?"

"யாரும்மா போடறா? பாறையில மாட்டிக்கினா அத்துக்கினு போயிடும். கவருங்க எல்லாம் எங்கேர்ந்தோ வருது. ஆத்துல வருது, ஏரியில வருது, உங்க ஊருலேர்ந்தும்தான் வருது."

"வலையில வர்ற குப்பையை என்ன பண்றாங்க உங்க ஆளுங்க?"

ராஜாமணி நூலைக் கூடை ஓரத்தில் வைத்தாள். "திரும்பக் கடல்லதான் வுடறானுங்க" என்றாள்.

அந்தப் பெண் துணிப்பையில் இருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து, முதல் இரண்டு மீனை மட்டும் அதில் வாங்கிக்கொண்டாள். மூன்றாவதைத் தொடவில்லை. கூட்டத்தில் இருந்த இரண்டு பேர் அவளுக்கு முன்னாலேயே நழுவிவிட்டிருந்தார்கள். போகிறவர்களைச் சூர்யகலா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போறவங்களை எதுக்குப் பாக்கற?" என்றாள் ராஜாமணி. "அடுத்ததை அறு."

மத்தியானம்வரை அறுத்தாள். அன்று கூடை காலியாகவில்லை. ஆனால் நிறைந்தும் திரும்பவில்லை. பாதிக்குக் கொஞ்சம் மேலே போயிருக்கும். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் சிலர் பக்கத்துக் கூடைகளிலும் வாங்கினார்கள். திரும்பும்போது வண்டியில் கிருஷ்ணவேணி, சூர்யகலாவின் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த வாரம் என் கூடைக்கும் ரெண்டு கீறிக் காட்டு" என்றாள்.

அந்த மூன்றாவது மீன் வீட்டுக்குத்தான் வந்தது. சூர்யகலா அதை வழக்கத்தைவிட அதிகமாகக் கழுவினாள். மஞ்சள் போட்டு, உப்புப் போட்டு, மறுபடி கழுவினாள். குழம்பு கொதித்தபோது கலைப்பிரியா தட்டை நீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வயிற்றுப் பக்கத்தை ஒதுக்கி, வால் துண்டைத்தான் மகளுக்கு வைத்தாள். "முள்ளு பாத்துத் தின்னு" என்று சொன்னாள். முள்ளைப் பார்க்கலாம், எடுத்துப் போடலாம். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் இரண்டாவது துண்டு கேட்டபோது எழுந்து போய்த் தன் துண்டையே கொண்டுவந்து வைத்தாள்.

திங்கட்கிழமை தாண்டவராயன் ஆனந்தராஜைக் கூப்பிட்டு, கடல் இன்னும் கொந்தளிப்பதற்குள் போய்விட்டு வா என்று சொன்னார். சூர்யகலா அவர் எதிரில் போய் நின்றாள். மாமனார் முறை ஆனவரிடம் அவள் நேராகப் பேசுவது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணு கேக்கணும். வலையில வர்ற கவரை எல்லாம் திரும்பக் கடல்ல வுடாம கரைக்குக் கொண்டாரச் சொல்லணும். எல்லாப் போட்டுக்கும் சொல்லணும்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தாண்டவராயன் சிரிக்கவில்லை. "மீன் கொண்டார எடம் இல்லை, குப்பையைக் கொண்டாரச் சொல்றியா? சரி, கொண்டாந்தா எங்கம்மா போடறது? இங்க எந்த வண்டி வந்து அள்ளிக்கினு போவுது?" என்று கேட்டுவிட்டு நடந்தார். அவர் முடியாது என்று சொல்லவில்லை. ஆகட்டும் என்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆனந்தராஜின் படகு கரை ஏறியது. மீன் அதிகம் இல்லை. கூட்டாளிகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். ஒருவன், "உன் வூட்டுக்காரிக்குச் சீரு கொண்டாந்திருக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனான். கடைசியாக ஆனந்தராஜ் ஒரு சாக்குமூட்டையைப் படகிலிருந்து இழுத்துப் போட்டான். தண்ணீர் சொட்டியது. சிப்ஸ் கவர், தண்ணீர் பாக்கெட், அறுந்த வலைத் துண்டு, ஒற்றைச் செருப்பு, பேர் தெரியாத என்னென்னவோ. உப்பும் அழுகலுமாக நாற்றம் அடித்தது.

"இந்தா. நீ கேட்டது" என்றான். "எங்க போடறது?"

சூர்யகலா சுற்றிலும் பார்த்தாள். ரோட்டோரக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனால் நெருப்பு வைப்பார்கள். நெருப்பு வைக்கக் கூடாது என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சவுக்குத் தோப்பில் போட்டால் வாடைக்காற்று வாரிக்கொண்டு மறுபடி கடலிலேயே சேர்க்கும். புதைத்தால் அடுத்த புயலில் கரை அறுத்துக்கொண்டு போகும். பானையில் போட்டு மண்ணாக்குகிற சரக்கு இல்லை இது.

"தெரியலையே" என்றாள்.

ஆனந்தராஜ் அவளைப் பார்த்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. "ஊருக்கெல்லாம் சொல்ற. உனுக்கே தெரியலையா?"

"தெரியலைங்க. கேட்டுத்தான் பாக்கணும். திண்டிவனத்துல யாராச்சும் எடுத்துக்கறாங்களான்னு கேக்கணும். வெறும் வண்டியாத் திரும்பிப் போற ஐஸ் வண்டிக்காரரைக் கேக்கணும்."

அலை ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய அலை வந்து மூட்டையின் அடியை நக்கிவிட்டுப் போனது. வாயிலிருந்து ஒரு கவர் நழுவித் தண்ணீரோடு போகப் பார்த்தது. சூர்யகலா காலால் மிதித்துப் பிடித்தாள்.

"முதல்ல தண்ணி எட்டாத எடத்துக்குத் தூக்குங்க."

ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்தார்கள். ஈரச் சாக்கு கனத்தது. நாலடி நகர்வதற்குள் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. கரையில் மீன் ஏலம் எடுக்க வந்து நின்றிருந்த ராஜாமணி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து அடிப்பக்கத்தைப் பிடித்தாள்.

மூன்று பேரும் மேட்டுக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். ராஜாமணி மூச்சு வாங்கியபடி மூட்டையைக் காலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தாள்.

"நாளைக்கும் வரும் இல்ல?"

"வரும்மா" என்றான் ஆனந்தராஜ்.

"நாளன்னிக்கும்?"

"தெனமும்தான் வரும்."

"அப்போ பெரிய எடமாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு ஏலம் விடும் பக்கம் நடந்தாள்.